முப்பத்தொரு முறை நின்ற வண்டி

கல்கத்தாவில் எதற்குமே நிற்காத வண்டிகள் ஏராளம். சிவப்பு விளக்கைச் சட்டை பண்ணாத மினி பஸ் உண்டு, போலீஸ்காரரின் தொப்பையை உரசுகிற மாதிரி வந்து ஒடித்துத் திரும்பும் ஆட்டோ உண்டு. அப்படிப்பட்ட ஊரில், எல்லாவற்றுக்கும் நிற்கிற ஒரு வண்டி வாஞ்சிநாதனுக்கு வந்து வாய்த்தது. பெட்ரோல் கிடையாது, புகை கிடையாது, சத்தமும் கிடையாது. பேட்டரியில் ஓடுகிற வெள்ளைக் கார். லேக் கார்டன்ஸில் அவர் குடியிருக்கும் நாலு மாடிக் கட்டடத்தின் அடியில், சார்ஜர் வயரைச் சொருகிக்கொண்டு பரம சாதுவாக நிற்கும். ரோட்டில் இறங்கினால்தான் அதன் சுயரூபம் தெரியும்.

முதல் முறை அது நின்றது துர்கா பூஜைக்கு முந்தின மாதம், ஜாதவ்பூர் போகிற வழியில். தெருவுக்குக் குறுக்கே பந்தல் வளைவுக்காக மூங்கில் கட்டியிருந்தார்கள். அடியில் லாரியே தாராளமாகப் போகும் உயரம். வாஞ்சிநாதன் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தார். திரையில் சிவப்பாக ஏதோ மின்னியது, கீ கீ என்று ஓர் அலறல், அவ்வளவுதான். யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்த மாதிரி வண்டி நின்றுவிட்டது. மூக்குக்கண்ணாடி மடியில் விழுந்தது. பின்னால் வந்த சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் அவருடைய பரம்பரையைப் பற்றிச் சில கருத்துகளைத் தெரிவித்துவிட்டுச் சுற்றிக்கொண்டு போனார்.

இந்த வண்டியை வாங்க வைத்தவன் மகன் ராம்கி. செக்டர் ஃபைவில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை, நாற்பத்தொரு வயது. எந்தப் பொருளிலாவது சென்சார் என்று ஒன்று இருந்துவிட்டால் போதும், அதற்குக் கோயில் கட்டிக் கும்பிடுகிற ரகம். முன்னால் ஏதாவது வந்தால் வண்டி தானே பார்த்து, தானே தீர்மானித்து, தானே பிரேக் போட்டுவிடும் என்று ஷோரூமில் சொன்னபோது அவன் முகத்தில் தெரிந்த பரவசத்தை, அவனுடைய கல்யாணத்தில்கூட யாரும் பார்த்ததில்லை.

"நான் பிரேக்கைத் தொடவே இல்லைடா," என்றார் வாஞ்சிநாதன் அன்று சாயந்திரம்.

"தெரியாம தொட்டிருப்பேள்ப்பா. பழைய வண்டிப் பழக்கம்," என்றான் ராம்கி, லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல்.

வாஞ்சிநாதனுக்குச் சுருக்கென்று தைத்தது. அறுபத்தெட்டு வயதாகிறது அவருக்கு. நாற்பது வருஷமாக இந்த ஊரில் வண்டி ஓட்டுகிறார், ஒரு கீறல் கிடையாது. உத்தியோகம் பார்த்தது மத்திய அரசின் தணிக்கை அலுவலகத்தில். முப்பத்தாறு வருஷம் உட்கார்ந்து, அடுத்தவர்கள் வேலையில் தப்புக் கண்டுபிடித்து, அதற்காகவே பிரிவு உபசார விழாவில் சந்தன மாலை போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தவர். எழுத்தில் இல்லாத எதுவும் உலகத்தில் நடக்கவே இல்லை என்பது அவருடைய சித்தாந்தம். ஆகவே மறுநாளே ஒரு நீள நோட்டு வாங்கி, ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டார். வரிசை எண், தேதி, இடம், வேகம், எதிரே இருந்தது என்ன, பின்னால் வந்தது என்ன, விளைவு, குறிப்பு. 'விளைவு' என்ற கட்டத்தில் முதல் வரியாக, விபத்து இல்லை என்று எழுதி, மை காயும் வரை ஊதினார்.

வண்டியும் அவருடைய நோட்டைக் காலியாக விடவில்லை. இந்த ஊரில் ரோட்டைக் கடப்பவர்கள் இரண்டு பக்கமும் பார்க்கிற வழக்கமில்லை. ஒரு கையை உயர்த்திக் காட்டிவிட்டு ராஜநடை நடப்பார்கள். மற்ற டிரைவர்கள் எல்லாம் அந்தக் கையைச் சுற்றிப் போகப் பழகியவர்கள். இந்த வண்டியோ, ரோட்டைக் கடக்கிற எண்ணமே இல்லாமல் நடைபாதையில் நின்று நண்பனைக் கூப்பிட்ட ஒருவரின் கைக்கு நின்றது. கரியாஹாட்டில் கடைக்கு வெளியே நைட்டி மாட்டி வைத்திருந்த பொம்மைக்கு நின்றது. பாலிகஞ்ச் ஸ்டேஷன் பக்கம் மழைநீர் தேங்கிய குட்டைக்கு நின்றது. மார்கழியில் ஒரு விடியற்காலையில் பனிமூட்டத்துக்கே நின்றது. ஒரே ஒரு நாள் நிஜமாக ஓர் ஆடு, ரத்தமும் சதையுமாக, குறுக்கே வந்து நின்றது. அதை மட்டும் வண்டி கண்டுகொள்ளவே இல்லை. வாஞ்சிநாதன்தான் காலால் மிதித்து நிறுத்தினார். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல் அரை மணி நேரம் யோசித்தார்.

கம்பெனிக்குப் போன் பண்ணினார். ஒரு பெண் இந்தியில் மிக இனிமையாகப் பேசினாள்.

"முன்னால போற வண்டிக்கும் நமக்கும் நாலு விநாடி இடைவெளி விடணும் சார். விட்டா இந்தப் பிரச்சனையே வராது."

"அம்மா, இது கல்கத்தா. நாலு விநாடி இடம் விட்டா அதுல ரெண்டு ஆட்டோவும் ஒரு தள்ளுவண்டியும் வந்துடும். அதுக்கும் இந்த வண்டி நிக்கும்."

"சார், உங்களுக்கு வயசு என்ன?"

சொன்னார். அந்தப் பெண், "ஓ," என்றாள். அந்த ஒற்றை எழுத்தோடு புகாரும் முடிந்துபோனது. பத்து நிமிஷத்தில் அவருடைய போனுக்குச் செய்தி வந்தது: வாடிக்கையாளருக்கு விளக்கம் அளிக்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?

வீட்டிலும் நிலைமை இதுதான். மனைவி ஜெயலக்ஷ்மி அவருக்காகக் கவலைப்பட்டாள், அதுதான் அவருக்கு எரிச்சல். "ஏன்னா, கால் கீல் மரத்துப் போறதோ என்னமோ. டாக்டர் சென்கிட்ட ஒரு நடை போய்க் காட்டிட்டு வந்துடலாமே," என்பாள். போய்க் காட்டினார். கால் இருபது வயசுப் பையனுடையது போல இருக்கிறது என்றார் டாக்டர். அப்படியானால் கண்ணாக இருக்கும் என்றாள் ஜெயலக்ஷ்மி. கண்ணையும் காட்டினார். அவருக்கு வண்டி சரியாக வேண்டும் என்பதுகூட அப்புறம்தான். இந்த வீட்டில் யாராவது ஒருத்தர், ஒரே ஒரு தடவை, நீங்க பிரேக் போடலை, எனக்குத் தெரியும் என்று சொல்ல வேண்டும். அதற்காக அவர் ஏங்கினார். வாயைத் திறந்து கேட்க வெட்கமாக இருந்தது.

முப்பத்தொன்றாவது தடவைதான் குடியைக் கெடுத்தது. மார்ச் மாதம். பேத்தி மேக்னாவை வங்காளிப் பாட்டு வகுப்பிலிருந்து கூட்டி வந்துகொண்டிருந்தார். கீழே விழுந்த பென்சிலை எடுக்க அந்தக் குழந்தை பின் சீட்டில் பெல்ட்டைக் கழற்றிய அதே நொடியில், ஆளில்லாத தெருவில், வண்டி அறைந்தாற்போல் நின்றது. முன் சீட்டின் முதுகில் மேக்னாவின் முகவாய் மோதி, மூன்று தையல். வாஞ்சிநாதன் ரத்தத்தைக் கைக்குட்டையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் ராம்கிக்குப் போன் பண்ணினார். வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை.

ராம்கி கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. தையல் போட்டு முடித்து, குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு வந்து, அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தான்.

"அப்பா, ப்ளீஸ், தப்பா எடுத்துக்காதீங்கோ. கம்பெனி எஞ்சினியரை வரச் சொல்றேன். டெஸ்ட் பண்ணட்டும். வண்டியில ஃபால்ட்னு சொன்னா நான் அவாளை விட மாட்டேன். வண்டி ஓகேன்னு சொன்னா, நீங்க சாவியைக் குடுத்துடணும். இனிமே ஓட்டக் கூடாது."

"சரி," என்றார் வாஞ்சிநாதன். நியாயமான ஏற்பாடாகத்தான் அவருக்குப் பட்டது. கையில் நோட்டு இருக்கிறது, முப்பத்தொரு வரி இருக்கிறது. வண்டி எதன்மேலும் மோதவில்லை என்பதால், கடைசி வரியிலும் விபத்து இல்லை என்றே எழுதியிருந்தார். தணிக்கைக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்.

தீபக் என்ற எஞ்சினியர் ஒரு சனிக்கிழமை காலை வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, தோளில் லேப்டாப் பை. வங்காளிகள் வயதில் மூத்தவரை மரியாதையாக அழைக்கிற மாதிரி வாஞ்சிநாதனை வாய்க்கு வாய் மேஷோமஷாய், மேஷோமஷாய் என்று அழைத்தான். நோட்டைக் கொடுத்தார். பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்து, "ஆகா, எங்க ஆபீஸ்லகூட இப்படி யாரும் எழுதறதில்ல மேஷோமஷாய்," என்று நெகிழ்ந்து, ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொண்டான். வாஞ்சிநாதனுக்கு உச்சி குளிர்ந்தது. ஜெயலக்ஷ்மியை இன்னொரு காப்பி கொண்டுவரச் சொன்னார்.

"யார் பிரேக் போட்டது, காலா வண்டியான்னு உள்ளேயே பதிவாகியிருக்குமே?" என்று கேட்டார்.

"பதிவாகும். ஆனா அது தலைமை ஆபீஸுக்குத்தான் தெரியும். எங்களுக்குக் காட்ட மாட்டாங்க. உங்களுக்கும் காட்ட மாட்டாங்க."

"என் வண்டிதானே அது?"

"வண்டி உங்களோடது மேஷோமஷாய். பதிவு கம்பெனியோடது."

சோதனை ஓட்டம் ஆரம்பித்தது. வாஞ்சிநாதன் ஓட்ட, பக்கத்தில் தீபக், பின்னால் ராம்கி. ஜாதவ்பூர் போனார்கள், அங்கிருந்து பாலிகஞ்ச், திரும்ப வேறு வழியாக வீடு. இரண்டு மணி நேரம். வண்டி, பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் உட்கார்ந்த பெண்ணைப் போல அப்படி ஓர் அடக்கம் காட்டியது. கையை உயர்த்திக்கொண்டு நாலு பேர் குறுக்கே போனார்கள், வண்டி தானாக நிற்கவில்லை. சைக்கிள் வண்டியிலிருந்து இரும்புக் கம்பிகள் மூன்றடி நீட்டிக்கொண்டு எதிரே வந்தன, அதற்கும் நிற்கவில்லை. கரியாஹாட் பொம்மை இப்போது சிவப்பு நைட்டியில் இருந்தது. அதற்கும் மசியவில்லை.

வாஞ்சிநாதனுக்கு வேர்த்துக் கொட்டியது. எட்டு மாதமாக எது நடக்கக் கூடாது என்று குலதெய்வத்தை வேண்டினாரோ, அது ஒரு தடவை நடக்க வேண்டும் என்று இப்போது அதே தெய்வத்தை வேண்டினார். நின்று தொலையேன், ஒரே ஒரு தடவை நின்று தொலையேன். கடைசியில் பொறுக்க முடியாமல் முன்னால் போன பஸ்ஸின் முதுகுக்கு மிக அருகே கொண்டுபோனார். தீபக் சீட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"மேஷோமஷாய், ஏன் இடிக்கப் போறீங்க?"

"அப்பா," என்றான் ராம்கி பின்னாலிருந்து. அந்தக் குரலைக் கேட்டதும் வாஞ்சிநாதனுக்கு எல்லாம் போய்விட்டது என்று தெரிந்தது. தீபக் ஏதோ குறித்துக்கொண்டான்.

ஒரு வாரத்தில் கடிதம் வந்தது. ராம்கி அதை உரக்கப் படித்தான். வாடிக்கையாளர் தாமே பராமரித்த மிகச் சிறந்த பதிவேட்டின்படி, தானியங்கி அவசர பிரேக் முப்பத்தொரு முறை இயங்கியுள்ளது. முப்பத்தொரு முறையும் 'விளைவு' என்ற கட்டத்தில் விபத்து இல்லை என்று வாடிக்கையாளரே கையெழுத்தில் பதிந்துள்ளார். ஆகவே இவ்வசதி நூற்றுக்கு நூறு வெற்றிகரமாகச் செயல்படுகிறது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறோம். முப்பத்தொன்றாவது நிகழ்வில் ஏற்பட்ட சிறு காயம், சீட் பெல்ட் அணியாததால் ஏற்பட்டது. மேலும், முன்செல்லும் வாகனத்தை மிக நெருங்கி ஓட்டும் வழக்கம் ஓட்டுநருக்கு உள்ளதைச் சோதனையின்போது எமது எஞ்சினியர் நேரில் கண்டார்.

வாஞ்சிநாதன் கடிதத்தை வாங்கி, தானே ஒரு தடவை படித்தார். தப்பே சொல்ல முடியாத கடிதம். இந்த வித்தையை அவரே எத்தனை இலாகாக்கள் மேல் பிரயோகித்திருக்கிறார். அவர்கள் கொடுத்த கணக்கை வைத்தே அவர்கள் வாயை அடைத்து, கோப்பை மூடி, டிபன் சாப்பிடப் போயிருக்கிறார். எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்தவனுக்கு அது எப்படி இருக்கும் என்று முப்பத்தாறு வருஷத்தில் ஒருநாள்கூட அவர் யோசித்ததில்லை. இப்போது யோசிக்காமலே தெரிந்தது.

சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார். ராம்கி அதை உடனே எடுத்துக்கொள்ளவில்லை, கொஞ்ச நேரம் கழித்து, அவர் பார்க்காதபோது எடுத்துக்கொண்டான். அந்த நாசூக்கு அவரை இன்னும் அவமானப்படுத்தியது.

அதற்கப்புறம் அவர் இடப்பக்க சீட்டு ஆசாமி. ராம்கி ஓட்டுவான், இவர் பக்கத்தில் உட்கார்ந்து வருவார். நாற்பது வருஷம் ஓட்டியவனை ஓட்டாமல் உட்கார வைத்தால் கண் சும்மா இருக்குமா? ரோட்டைப் பார்க்கிற உரிமை போன பிறகு, அவர் ராம்கியின் காலைப் பார்க்க ஆரம்பித்தார். எப்போது மிதிக்கிறான், எப்போது எடுக்கிறான், எல்லாம் அவருக்கு அத்துப்படி. அவன் கொஞ்சம் தாமதமாகத்தான் பிரேக் போடுகிறான் என்பது அவருடைய தீர்ப்பு. அதை வெளியே சொல்லவில்லை, சொன்னால் பொறாமை என்பார்கள்.

சித்திரை பிறக்க இரண்டு நாள் இருந்தது. வருஷப் பிறப்புப் பச்சடிக்கு வேப்பம்பூவும் மாங்காயும், கூடவே வாழையிலையும் வேண்டும் என்று ஜெயலக்ஷ்மி சொல்ல, ஞாயிற்றுக்கிழமை காலை லேக் மார்க்கெட்டுக்குக் கிளம்பினார்கள். ராம்கி ஓட்டினான். பின்னால் ஜெயலக்ஷ்மியும், பெல்ட் போட்ட மேக்னாவும். சதர்ன் அவென்யூ துடைத்துவிட்ட மாதிரி காலியாக இருந்தது. இரண்டு பக்கத்து மரங்களின் நிழல் ரோட்டில் வரிவரியாக விழுந்திருந்தது. எதிரே ஒரு நாய்கூட இல்லை.

திரை சிவந்தது. கீ கீ. வண்டி நட்டு வைத்தாற்போல் நின்றது. பின்னால் வந்த டாக்ஸி கிறீச்சென்று ஒடித்து, இவர்களைத் தாண்டிப் போய், அதன் டிரைவர் ஜன்னல் வழியே தலையை நீட்டித் திட்டினான். மேக்னா அழ ஆரம்பித்தாள்.

ராம்கியின் முகம் வெளுத்திருந்தது. முதலில் ரோட்டைப் பார்த்தான், திரையைப் பார்த்தான், கடைசியாகத் தன் காலைப் பார்த்தான்.

"என் கால் பட்டுடுத்து போலிருக்கு," என்றான்.

வாஞ்சிநாதன் அவனைத் திரும்பிப் பார்த்தார். வண்டி நின்றபோது அந்தக் கால் எங்கே இருந்தது என்று அவருக்குத் தெரியும். வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இரண்டு நிமிஷம் கொதிக்கட்டும் என்று விட்டுவிட்டார். எட்டு மாதத்துக்கு இரண்டு நிமிஷம் ஒன்றும் அதிகமில்லை.

ராம்கி வண்டியை ஓரம் கட்டி, கம்பெனிக்குப் போன் பண்ணி, ஸ்பீக்கரில் போட்டான். அதே இனிமையான குரல்.

"சார், ராத்திரி சரியா தூங்கினீங்களா?"

"தூங்கினேன்."

"ஆபீஸ்ல டென்ஷன் ஏதாவது? இந்த வயசுல அது எல்லாருக்கும் இருக்கறதுதான் சார். நமக்கே தெரியாம கால் பிரேக்குக்குப் போயிடும்."

"இல்ல... ஐ மீன், தெரியலை. ஒருவேளை நானே..." ராம்கியின் குரல் இறங்கிக்கொண்டே போனது. ஐம்பது பேரை மேய்க்கிறவன், இரண்டு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு அமெரிக்காக்காரனோடு சண்டை போடுகிறவன், வாத்தியார் முன்னால் வீட்டுப்பாடம் எழுதாமல் நிற்கிற பையனைப் போலத் திணறினான்.

"அப்ப இந்தப் புகாரை க்ளோஸ் பண்ணிடலாமா சார்?"

ராம்கி சரி என்று சொல்ல வாயெடுத்தான். வாஞ்சிநாதனுக்குத் தாங்கவில்லை. மகன்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. இவனையுமா இந்த நிலைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள் என்றுதான் தோன்றியது.

"பண்ணக் கூடாது," என்றார் இந்தியில். "அவன் பிரேக்கைத் தொடவே இல்லை. அவனோட கால் ஆக்ஸிலரேட்டர் மேலதான் இருந்தது. நான் பார்த்துக்கிட்டே இருந்தேன்."

போனில் வந்த குரலின் இனிமை கொஞ்சம் குறைந்தது.

"நீங்க யார் சார் பேசறது?"

"அவனோட அப்பா."

"சார், உங்களுக்கு வயசு..."

ராம்கி போனைத் துண்டித்தான். துண்டித்துவிட்டு, அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மேக்னாவின் அழுகை விசும்பலாகி நின்றது. ஜெயலக்ஷ்மி புருஷனையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நிஜமாவே நான் தொடலையாப்பா?"

"தொடலைடா."

ராம்கி திரும்பிப் பின் சீட்டைப் பார்த்தான். மேக்னாவின் முகவாயில் தையல் போட்ட இடம் இன்னும் சிவப்பாகத் தெரிந்தது.

"அன்னிக்கு, இவளுக்கு அடிபட்ட அன்னிக்கு... நீங்களும்?"

"தொடலை," என்றார் வாஞ்சிநாதன்.

ஆகஸ்ட்டிலிருந்து அவர் சொல்லிவந்த அதே பதில்தான். இந்தத் தடவை அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. மறுபடி வண்டியைக் கிளப்ப ராம்கிக்குக் கை வரவில்லை, கிளப்பு என்று சொல்ல மற்றவர்களுக்கும் வாய் வரவில்லை. கடைசியில் ஜெயலக்ஷ்மிதான் பையை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தாள், மார்க்கெட்டுக்கு நடந்தே போய்விடலாம் என்றாள்.